ஏபிஐ சோதனைக்கு எந்தத் திறந்த மூலக் கருவி: புரூனோ, ஹாப்ஸ்காட்ச், ஹர்ல், அல்லது வேறொன்றா?

மழைக்குருவி:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குழுவில் ஏழு பேர் இருக்கிறோம்: நால்வர் பைத்தானில் ஃபாஸ்ட்ஏபிஐ என்ற சட்டகம் கொண்டு சர்வர் பக்க நிரல் எழுதுகிறவர்கள், இருவர் கைபேசிச் செயலியைக் கவனிப்பவர்கள், ஒருவர் சோதனையாளர். ஏறத்தாழ 140 ஏபிஐ முகவரிகள் உள்ளன; அதாவது, செயலி கோரிக்கை அனுப்ப, சர்வர் விடை தரும் முகவரிகள். இதுவரை ஒவ்வொருவரும் தத்தம் கணினியில் கோரிக்கைகளைச் சேமித்துவைத்து, வேண்டும்போது ஜேசான் என்ற தரவு வடிவக் கோப்பாக ஏற்றுமதி செய்து அரட்டைக் குழுவில் போட்டு வந்தோம். 'புதியது', 'இறுதி', 'இறுதி_இதுதான்' என்று மூன்று கோப்புகள் ஒரே வாரத்தில் வந்தபோதுதான் இந்த முறை கைகொடுக்காது என்று தெளிவானது.

எங்கள் வாடிக்கையாளர், சோதனைத் தரவும் டோக்கன்களும் (உள்நுழைந்தவர் என்பதற்கான இரகசியச் சரங்கள்) மூன்றாம் தரப்பு மேகச் சேவை எதிலும் சேமிக்கப்படக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறார். ஆகவே கணக்கு தொடங்கி உள்நுழைந்தால்தான் கோரிக்கைத் தொகுப்புகளை வைத்துக்கொள்ள முடியும் என்ற கருவிகள் எங்களுக்கு உதவா. திறந்த மூலமாக இருக்க வேண்டும். ஒவ்வொரு புல் ரிக்வெஸ்டுக்கும், அதாவது நிரல் மாற்றத்தை இணைக்கக் கேட்கும் ஒவ்வொரு முறையும், தானாக ஓட வேண்டும். நிரல் எழுதிப் பழக்கமில்லாத எங்கள் சோதனையாளரும் பயன்படுத்த முடிய வேண்டும். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாவேன்.

கட்டளைவரி:

கருவியின் பெயருக்குப் போகும் முன், நீங்கள் எழுதும் சோதனை எந்த வடிவில், எந்த இடத்தில் கோப்பாக இருக்கப்போகிறது என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். அது நிரலோடு அதே கிட் களஞ்சியத்தில் (நிரல் மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் இடம்), மனிதர் படிக்கக்கூடிய உரைக்கோப்பாக இருந்தால், முகவரி ஒன்றை மாற்றுகிறவர் அதற்கான சோதனையையும் அதே கமிட்டில் (பதிவில்) மாற்றுவார். மதிப்பாய்வு செய்பவர் இரண்டையும் அருகருகே பார்ப்பார். நீங்கள் இப்போது கைமாற்றிக்கொண்டிருக்கும் ஏற்றுமதி ஜேசானில் ஒரு தலைப்புவரியை மாற்றினால்கூட அடையாள எண்களும் வரிசைகளும் சேர்ந்து மாறி, உண்மையில் என்ன மாறியது என்று கண்டுபிடிப்பதே தனி வேலையாகிவிடும்.

இந்த அளவுகோலில் என் தேர்வு ஹர்ல். பிரான்சின் ஆரஞ்சு தொலைத்தொடர்பு நிறுவனம் அப்பாச்சி 2.0 உரிமத்தில் வெளியிட்டது; ரஸ்ட் மொழியில் எழுதப்பட்டு, உள்ளே கர்ல் என்ற கட்டளைவரிக் கருவியின் லிப்கர்ல் நூலகத்தின்மேல் இயங்குகிறது. கோப்பின் முதல் வரியில் கெட் அல்லது போஸ்ட் என்ற முறையும் முகவரியும், அதன்கீழ் தலைப்புகள், அதன்கீழ் எதிர்பார்க்கும் நிலைக் குறியீடு (கோரிக்கை என்னவாயிற்று என்று சர்வர் சொல்லும் மூன்றிலக்க எண்), பிறகு ஜேசான்பாத் என்ற சுட்டும் முறை கொண்டு விடையின் எந்தப் பகுதி எப்படி இருக்க வேண்டும் என்ற வரிகள், அவ்வளவுதான். உள்நுழைவுக் கோரிக்கையின் விடையிலிருந்து டோக்கனை ஒரு மாறியில் பிடித்து, அடுத்த கோரிக்கையில் அப்படியே பயன்படுத்தலாம். ஒரே ஓர் இயங்குகோப்புதான் என்பதால் நோட் (ஜாவாஸ்கிரிப்டை உலாவிக்கு வெளியே ஓட்டும் மென்பொருள்) முதலிய எதையும் கூடவே நிறுவ வேண்டியதில்லை, தானியங்கிச் சோதனை வரிசைகள் படிக்கும் ஜேயூனிட் வடிவில் அறிக்கையும் கிடைக்கும்.

வெறும் கர்ல் கட்டளைகளை ஷெல் ஸ்கிரிப்டில் அடுக்கினால் போதாதா என்று யாராவது கேட்பார்கள். அப்படி அடுக்கியவன் நான். சர்வர் 500, அதாவது உள்ளே கோளாறு, என்று விடையளித்தாலும், விடை வந்து சேர்ந்துவிட்டதல்லவா என்று கர்ல் வெற்றிக் குறியீடான 0 உடன்தான் வெளியேறும். ஃபெயில் என்ற விருப்பத்தைச் சேர்த்தால்தான் 22 என்ற பிழைக் குறியீட்டோடு வெளியேறும். அந்த விருப்பம் இல்லாமல் சில வாரங்கள் எங்கள் தானியங்கிச் சோதனை வரிசை, எல்லாம் சரி என்பதுபோல், பச்சையாகவே இருந்தது. பிழை முழுவதும் என்னுடையது. 1998 முதல் கர்ல் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்துவருகிறது.

தறியோசை:

நான் சோதனையாளர், நிரல் எழுதுவது என் முதன்மை வேலையன்று. கட்டளைவரி அவர்கள் சொன்ன அளவுகோல் சரி என்றாலும், கறுப்புத் திரையில் உரைக்கோப்பைத் திறந்து தட்டச்சு செய் என்று உங்கள் சோதனையாளரிடம் சொன்னால் முதல் வாரத்திலேயே அவர் பழைய கருவிக்குத் திரும்பிவிடுவார். எங்கள் அலுவலகத்தில் நடந்ததும் அதுதான்.

புரூனோவைப் பாருங்கள். பெங்களூரில் தொடங்கிய திட்டம், எம்ஐடி உரிமம். கணக்கு வேண்டாம், மேக ஒத்திசைவும் கிடையாது. தொகுப்பு என்பது உங்கள் கணினியில் ஒரு கோப்புறை, ஒவ்வொரு கோரிக்கையும் அதற்குள் தனித்தனி உரைக்கோப்பு. அதற்கென்று 'புரு' என்ற எளிய எழுத்து வடிவம் வைத்திருக்கிறார்கள், படித்தவுடன் விளங்கும். நான் சாளரத்தில் பொத்தானை அழுத்திச் செய்வதையே நிரலாளர் கோப்பில் திறந்து பார்க்கிறார், கிட் வழியாக மதிப்பாய்வு செய்கிறார். சோதனை எழுதுவதற்கும் ஜாவாஸ்கிரிப்ட் கட்டாயமில்லை: விடையின் எந்தப் பகுதி, எந்த ஒப்பீடு, என்ன மதிப்பு என்று மூன்று கட்டங்களை நிரப்பினால் போதும். தானியங்கி வரிசையில் ஓட்டக் கட்டளைவரிப் பதிப்பும் உண்டு, ஆனால் அதற்கு நோட் தேவை.

எல்லாமே நன்று என்று சொல்லமாட்டேன். கோரிக்கைகளின் வரிசை எண் அந்தந்தக் கோப்புக்குள்ளேயே எழுதப்படுவதால், இருவர் ஒரே நேரத்தில் தனித்தனிக் கிளையில் புதிய கோரிக்கையைச் சேர்த்தால், கிட் எந்த முரண்பாட்டையும் காட்டாமல் இணைத்துவிடும். பிறகு பார்த்தால் இரண்டு கோப்புகளுக்கும் ஒரே எண் இருக்கும். ஒன்றன் விடையை நம்பி மற்றொன்று ஓடும் கோப்புறையில் இது தொல்லை தரும்.

இன்னொன்றை வெட்கத்தோடு எழுதுகிறேன். சூழல் கோப்பில் (முகவரி போன்ற மாறிகளை வைக்கும் கோப்பு) சோதனை சர்வரின் நிர்வாகி டோக்கனை அப்படியே எழுதி, கமிட்டும் செய்துவிட்டேன். மறுநாள் அதை நீக்கி இன்னொரு கமிட் போட்டதால் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். கிட் வரலாற்றில் அது அப்படியே இருக்கிறது என்று உடன் பணிபுரியும் தம்பி ஒருவர் காட்டிய பிறகுதான் டோக்கனையே ரத்து செய்து புதியது வாங்கினோம். புரூனோவில் ஒரு மாறியை இரகசியம் என்று குறித்தால் கோப்பில் பெயர் மட்டுமே எழுதப்படும், மதிப்பு உங்கள் கணினியோடு நின்றுவிடும். முதல் நாளே இதைப் பழக்கப்படுத்துங்கள்.

பழையவிசை:

'திறந்த மூலமாக இருக்க வேண்டும்' என்ற நிபந்தனையை மட்டும் வைத்துக்கொண்டு தேர்ந்தெடுத்தால் நீங்கள் தப்பிவிட முடியாது என்பதற்கு அண்மைக் கால வரலாறே சான்று. 2023 செப்டம்பரில் இரண்டு செய்திகள் அடுத்தடுத்து வந்தன. பரவலாகப் பயன்படும் ஏபிஐ சோதனைச் செயலியான போஸ்ட்மேன், கணக்கில்லாமலே தொகுப்புகளை வைத்துக்கொள்ள இடந்தந்த ஸ்கிராட்ச் பேட் வசதியை நிறுத்தியது. அது திறந்த மூலமல்ல என்பது எல்லோரும் அறிந்ததே. அதன் கட்டளைவரி ஓட்டியான நியூமன் திறந்த மூலம். ஆனால் அதே மாத இறுதியில், திறந்த மூலமாகவே இருந்த இன்சோம்னியா என்ற அதேவகைச் செயலியின் 8.0 பதிப்பும் பயனர்களைக் கணக்கு தொடங்கச் சொன்னது. பழைய தொகுப்புகளை உள்ளூரிலேயே வைத்திருந்தவர்கள் கொதித்தெழுந்த பிறகு உள்ளூர்ச் சேமிப்பு வசதியைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். உரிமம் நிரலுக்குத்தான் காவல், அந்தச் செயலியின் அடுத்த பதிப்பு உங்கள் தரவை எங்கே வைக்கும் என்பதற்கு அது பொறுப்பேற்காது. ஆகவே, நாளை இந்தக் கருவி மறைந்துபோனால் என் சோதனைகள் எந்தக் கோப்பில், யார் படிக்கக்கூடிய நிலையில் இருக்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்சோம்னியாவை முதலில் உருவாக்கியவர் கிரிகரி ஷியர். 2019இல் அது காங் நிறுவனத்தின் கைக்குப் போனது. அதே மனிதர் பின்னர் யாக் என்ற கருவியை எம்ஐடி உரிமத்தில் உருவாக்கினார் என்பதைப் பார்க்கும்போது, எழுதிய கை மறுபடி எழுதவே செய்யும் என்று எண்ணத் தோன்றுகிறது.

மழைக்குருவி:

மிக்க நன்றி. மூவர் சொல்வதையும் படித்தபின் புரூனோ பக்கம் மனம் சாய்கிறது. ஆனால் எங்கள் கைபேசிச் செயலிக் குழுவினர் ஹாப்ஸ்காட்ச் வேண்டும் என்கிறார்கள். உலாவியில் திறந்தாலே வேலை செய்கிறது, நிறுவவே வேண்டாம் என்பது அவர்களுடைய வாதம். அதில் ஏதேனும் சிக்கல் உண்டா?

தென்னங்கீற்று:

ஹாப்ஸ்காட்ச் 2019இல் போஸ்ட்வுமன் என்ற பெயரில் தொடங்கி, அடுத்த ஆண்டே இப்போதைய பெயருக்கு மாறியது. லியாஸ் தாமஸ் என்ற கேரளத்து நிரலாளர் தொடங்கியது, எம்ஐடி உரிமம். வழக்கமான ரெஸ்ட் கோரிக்கைகளோடு கிராஃப்கியூஎல், வெப்சாக்கெட் (இணைப்பை மூடாமல் இருபுறமும் பேசும் முறை), எம்க்யூடிடி ஆகிய மற்ற முறைகளையும் ஒரே திரையில் முயன்று பார்க்கலாம். உங்கள் செயலிக் குழுவினர் வெப்சாக்கெட் பயன்படுத்துகிறார்கள் என்றால் அவர்கள் அதை விரும்புவதில் நியாயம் இருக்கிறது.

சிக்கல் உலாவியில்தான். ஒரு தளத்தில் திறந்த பக்கத்திலிருந்து வேறொரு தளத்தின் சர்வருக்குக் கோரிக்கை அனுப்பி விடையைப் படிக்க வேண்டுமென்றால், அந்தச் சர்வர் அதற்கு வெளிப்படையாக இசைவு தந்திருக்க வேண்டும் என்பது உலாவிகளின் பாதுகாப்பு விதி. உங்கள் ஏபிஐ அப்படி இசைவு தரவில்லை என்றால், டெர்மினலில் ஒழுங்காக வேலை செய்யும் அதே கோரிக்கை ஹாப்ஸ்காட்சில் பிழையாக நிற்கும். புதிதாக வருபவர்கள் சர்வரில்தான் கோளாறு என்று எண்ணி, எல்லாத் தளங்களுக்கும் இசைவு என்று சர்வரில் எழுதிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். சோதனைக் கருவியின் வசதிக்காகச் சர்வரின் கதவைத் திறந்துவிடுவது தவறு.

அதைக் கடக்க உலாவி நீட்சி, கணினியில் ஓடும் ஏஜென்ட், மேசைக் கணினிப் பதிப்பு, இடைநிலைச் சர்வர் என்று நான்கு வழிகளைத் தருகிறார்கள். கடைசி வழியில் கவனம் தேவை: அவர்களுடைய பொது இடைநிலைச் சர்வரைத் தேர்ந்தெடுத்தால், உங்கள் கோரிக்கை டோக்கனோடு சேர்ந்து அதன் வழியாகப் போகும். உங்கள் ஒப்பந்த விதிக்கு அது பொருந்தாது. அந்தச் சர்வரிலிருந்து உங்கள் கணினியிலேயே ஓடும் சர்வரை (லோக்கல்ஹோஸ்டை) எட்டவும் முடியாது. டாக்கர் (மென்பொருளைத் தனிப் பெட்டகமாக ஓட்டும் கருவி) கொண்டு உங்கள் சொந்தச் சர்வரிலேயே முழு ஹாப்ஸ்காட்சையும் நிறுவிக்கொள்ளலாம். ஆனால் அப்போது போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், காப்புப்படி, பதிப்பு மேம்படுத்தல் என்று பராமரிக்க இன்னொரு சேவை உங்கள் தலையில் வந்து அமரும். ஏழு பேர் கொண்ட குழுவுக்கு அது சற்றுப் பெரிய சுமை என்பது என் கருத்து.

கட்டளைவரி:

தறியோசை அவர்கள் சொன்னதை ஏற்கிறேன். சாளரம் வேண்டுவோருக்குப் புரூனோ பொருந்தும். ஒரே ஓர் ஐயம். புரூனோ கோப்பில் ஜாவாஸ்கிரிப்ட் எழுத இடமிருப்பதால், ஆறு மாதத்தில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் முன்னும் பின்னும் இருபது வரி நிரல் முளைத்துவிடும், அந்தச் சோதனையைச் சோதிக்க இன்னொருவர் வேண்டும். ஹர்லில் அப்படி ஸ்கிரிப்ட் எழுத இடமே இல்லை. எழுத முடியாததை யாரும் எழுதிக் குவிக்க முடியாது. விடை தாமதமாகத் தயாராகும் பின்னணி வேலைகளுக்கு மட்டும், விடை சரியாகும்வரை இத்தனை முறை மறுபடி முயல் என்று சொல்ல வழி இருக்கிறது. இதுவரை எனக்கு அது போதுமானதாக இருந்தது.

தறியோசை:

அந்த ஐயம் நியாயமானதே. நாங்கள் எங்களுக்குள் ஒரு விதி வைத்திருக்கிறோம்: மூன்று கட்டங்களை நிரப்பி எழுத முடிகிற சோதனை மட்டுமே புரூனோவில் இருக்கும், அதற்குமேல் தருக்கம் தேவைப்பட்டால் அது பைடெஸ்ட் என்ற பைத்தான் சோதனைக் கருவிக்குப் போய்விடும். தொகுப்போடு சேர்ந்து வரும் ஸ்கிரிப்ட் உங்கள் கணினியின் கோப்புகளைத் தொடக் கூடாது என்பதற்காகப் புரூனோவே பாதுகாப்பு நிலை, நிரலாளர் நிலை என்று இரண்டு வைத்திருக்கிறது. அறிமுகமில்லாதவர் தந்த தொகுப்பை நிரலாளர் நிலையில் திறக்காதீர்கள்.

நெடுவரப்பு:

இதுவரை பேசிய எல்லாக் கருவிகளும், நீங்கள் நினைத்துப் பார்த்த கேள்வியை மட்டுமே சர்வரிடம் கேட்கும். பிழை பெரும்பாலும் நீங்கள் நினைத்துப் பார்க்காத இடத்தில் இருக்கிறது. மழைக்குருவி அவர்கள் ஃபாஸ்ட்ஏபிஐ பயன்படுத்துகிறார் என்று படித்தவுடன் எழுத வந்தேன், ஏனென்றால் ஃபாஸ்ட்ஏபிஐ, தன் முகவரிகள் எதை ஏற்கும், எதைத் தரும் என்று சொல்லும் ஓப்பன்ஏபிஐ விவரக்கோப்பைத் தானே உருவாக்கித் தருகிறது. வேறு குழுக்கள் மாதக்கணக்கில் கையால் எழுதுவது உங்களிடம் இலவசமாக இருக்கிறது.

அந்தக் கோப்பை ஸ்கீமாதெசிஸ் என்ற கருவியிடம் கொடுத்துப் பாருங்கள். பைத்தானின் ஹைப்போதெசிஸ் நூலகத்தின்மேல் கட்டப்பட்டது, எம்ஐடி உரிமம். ஒவ்வொரு முகவரிக்கும் எந்த வகை மதிப்பு வரலாம் என்று படித்து, அந்த வகைக்குள் அடங்கும் விசித்திரமான மதிப்புகளைத் தானே புனைந்து அனுப்பும்: வெற்றுச் சரம், எதிர்ம எண், மிகப் பெரிய எண், யாரும் தட்டச்சு செய்யாத யூனிகோடு குறிகள். சர்வர் 500 தந்தாலோ, விவரக்கோப்பில் சொன்ன வடிவில் விடை இல்லாவிட்டாலோ அதைச் சுட்டிக்காட்டி, அதே பிழையை மறுபடி வரவழைப்பதற்கான கர்ல் கட்டளையையும் எழுதித் தரும். அதைப் பிழைப்பதிவில் ஒட்டிவிட்டால், 'என் கணினியில் வரவில்லையே' என்ற பேச்சுக்கே இடமில்லை.

தமிழ்ப் பயனர்களுக்கான செயலி என்றால் கையால் எழுதவேண்டிய சோதனைகள் சிலவும் உண்டு, அவற்றைக் கருவி தானாகக் கண்டுபிடிக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம். யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட்டு. 'நி' என்பது நம் கண்ணுக்கு ஓர் எழுத்து, யூனிகோடில் இரண்டு குறி, சேமிக்கும்போது 6 பைட்டு. பெயருக்கு 50 பைட்டு என்று எல்லை வைத்த தரவுத்தளத்தில் 16 குறிக்குமேல் நுழையாது. 'மீனாட்சிசுந்தரம்' என்ற பெயரே 16 குறிகளைத் தின்றுவிடும், அதன்பின் தலைப்பெழுத்தும் புள்ளியும் வைக்க இடமிருக்காது. அதேபோல் 'கொ' என்பதை ஒகரக் குறி ஒன்றைக் கொண்டும் எழுதலாம், எகரக் குறியும் காலும் சேர்த்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, இயல்பாக்கம் செய்யாமல் (ஒரே வடிவத்துக்கு மாற்றாமல்) ஒப்பிடும் நிரலுக்கு இரண்டும் வெவ்வேறு. 'கொடி' என்று ஒரு வடிவில் பதிவு செய்து, மற்ற வடிவில் தேடும் சோதனை ஒன்றை எழுதிப் பாருங்கள்.

பழையவிசை:

சுமைச் சோதனையை, அதாவது பலர் ஒரே நேரத்தில் வந்தால் சர்வர் தாங்குமா என்று பார்ப்பதைப் பற்றி யாரும் பேசவில்லை, ஆனால் சில மாதங்களில் அந்தக் கேள்வி வரும் என்பதால் இப்போதே சொல்லிவைக்கிறேன். அதற்கான ஜேமீட்டர் என்ற கருவி கர்லின் வயதொத்தது. இன்றும் தரவுத்தளம், எல்டாப், எஃப்டிபி என்று அது தொடும் நெறிமுறைகள் ஏராளம். ஆனால் அதன் திட்டக் கோப்பு எக்ஸ்எம்எல், அதை மதிப்பாய்வு செய்ய யாருக்கும் பொறுமை இருக்காது. கற்பனைப் பயனர் ஒவ்வொருவருக்கும் ஒரு ஜாவா இழை என்பதால் நினைவகமும் நிறைய கேட்கும். சாளரத்தைத் திறந்துவைத்து அதிலேயே சுமையை ஓட்டாதீர்கள். சாளரம் திட்டத்தை எழுதுவதற்கு மட்டும்தான் என்று கருவியே எச்சரிக்கிறது.

புதிதாகத் தொடங்குவோருக்கு கே6 எளிது. ஜாவாஸ்கிரிப்டில் எழுதுகிறோம், கோ மொழியில் எழுதப்பட்ட இயந்திரம் ஓட்டுகிறது. அது நோட் அன்று என்பதால் நோட் நூலகங்கள் எல்லாம் உள்ளே ஓடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கோரிக்கைகளில் 95 விழுக்காடு 500 மில்லிநொடிக்குள் முடிய வேண்டும் என்று எல்லை வகுத்தால், தவறும்போது பிழைக் குறியீட்டோடு வெளியேறும், தானியங்கி வரிசையும் சிவப்பாகும்.

அதன் உரிமம் ஏஜிபிஎல் என்று கேட்டவுடன் மேலாளர்கள் பதறுவார்கள். கருவியை எடுத்து உங்கள் சர்வரைச் சோதிப்பதால் உங்கள் நிரல் அதன் பகுதியாகிவிடாது. கே6இன் மூலநிரலையே திருத்தி, திருத்திய வடிவத்தைப் பிறர்க்கு வழங்கினாலோ, வலைவழிச் சேவையாக அவர்கள் பயன்படுத்தத் தந்தாலோதான் அந்தத் திருத்தங்களின் மூலநிரலைத் தரும் கடமை எழும். தைப்பவரின் ஊசியைக் கடன் வாங்கித் தைத்ததால் சட்டை அவருடையதாகிவிடுமா?

மழைக்குருவி:

மூன்று வாரம் முயன்று பார்த்துவிட்டுத் திரும்ப எழுதுகிறேன். தொகுப்பை நிரல் களஞ்சியத்துக்குள்ளேயே புரூனோ கோப்புறையாக வைத்துவிட்டோம். பழைய ஏற்றுமதி ஜேசான்களை உள்ளிட்டபோது கோரிக்கைகள் ஒழுங்காக வந்தன. ஸ்கிரிப்டுகளில் சிலவற்றைக் கையால் திருத்த வேண்டியிருந்தது. வெளியீட்டுக்கு முன் கட்டாயம் ஓடவேண்டிய 12 பயணங்களை மட்டும், அதாவது பதிவு, உள்நுழைவு, பணம் செலுத்துதல் போன்றவற்றை, ஹர்லில் எழுதினோம். இரண்டு கருவி எதற்கு என்று குழுவில் கேட்டார்கள். சோதனையாளர் தன் சாளரத்தில் எதையும் தயங்காமல் மாற்றிப் பார்க்கட்டும், வெளியீட்டை நிறுத்தும் அதிகாரமுள்ள கோப்புகள் மட்டும் தனியாக இருக்கட்டும் என்று பதில் சொன்னேன்.

ஸ்கீமாதெசிஸ் முதல் நாளிலேயே எங்களைத் தலைகுனிய வைத்தது. ஆர்டர் எண்ணுக்கு 214 கோடியைத் தாண்டிய ஒரு முழு எண்ணை அனுப்பியது. போஸ்ட்கிரெஸின் நான்கு பைட்டு எண் வகை அதை ஏற்காமல் மறுக்க, சர்வர் 500 என்றது. அடுத்து, பெயருக்குள் சுழியக் குறி (யூனிகோடின் 0ஆம் குறி) ஒன்றை நுழைத்து அனுப்பியது. போஸ்ட்கிரெஸின் உரை வகை அதையும் ஏற்பதில்லை, மறுபடியும் 500. இரண்டையும் உள்ளீட்டுச் சரிபார்ப்பிலேயே தடுத்துவிட்டோம்.

ஆனால் உள்நுழையாமல் அனுப்பும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் 401 என்ற குறியீடு விவரக்கோப்பில் இல்லை என்று அது நூற்றுக்கணக்கில் புகார் சொல்கிறது. இந்தச் சரிபார்ப்பையே அணைத்துவிடலாமா?

நெடுவரப்பு:

அணைக்க வேண்டாம், புகார் உண்மையானது. ஃபாஸ்ட்ஏபிஐ வெற்றி விடையையும், உள்ளீடு பிழையானால் தரும் 422ஐயும் தானாக விவரக்கோப்பில் எழுதும். நீங்கள் நிரலுக்குள் எழுப்பும் 401, 404 (கேட்டது இல்லை) போன்றவற்றை அதனால் ஊகிக்க முடியாது. முகவரிகளைத் தொகுக்கும் ரவுட்டரை அமைக்கும் இடத்தில் ரெஸ்பான்சஸ் என்ற அளவுருவில் அந்தக் குறியீடுகளை ஒருமுறை எழுதினால், அதன்கீழ் உள்ள எல்லா முகவரிகளுக்கும் சேர்ந்துவிடும், புகார்ப் பட்டியல் சில வரிகளாகச் சுருங்கும். உங்கள் கைபேசிச் செயலிக் குழுவினரும் அதே விவரக்கோப்பைத்தானே படிக்கிறார்கள், அவர்களுக்கும் உதவும்.

இன்னொன்று. டோக்கனோடு ஓட்டும்போது, தரவை நீக்கும் முகவரிகளையும் அது கூசாமல் அழைக்கும். ஒவ்வொரு முறையும் புதிதாக எழுப்பி, முடிந்ததும் தூக்கியெறியும் டாக்கர் தரவுத்தளத்தின்மீது மட்டும் ஓட்டுங்கள். எல்லோரும் பகிரும் சோதனைச் சர்வரின் முகவரியை அந்தக் கட்டளையில் எழுதாதீர்கள்.